மூன்றாம் அலுமாரியின் திறப்பு

தோஹா
2024 ஓகஸ்ட் 4

அன்புத் தங்கச்சி ஜெஸீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நான் சுகம். படியேறும்போது முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. உம்மாவின் சீனி வருத்தம் எப்படி? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆஸ்பத்திரியில் பணிஸும் பிளேன்ரீயுமாகவே பொழுதைப் போக்குகிறாயா?

நேற்று லுஹர் தொழுதுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். கனவில் கிண்ணியாப் பாலத்தில் நிற்கிறேன். கீழே தண்ணீர் இல்லை, வெள்ளைத் துணி ஓடிக்கொண்டிருக்கிறது. நஸ்ரி சின்னப் பிள்ளையாக அதன் நுனியைப் பிடித்து இழுத்து இழுத்துச் சிரிக்கிறான். நல்ல கனவை அன்பானவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று மதறஸாவில் படித்தோமே, அதனால் உனக்கு எழுதுகிறேன். எனக்கு அது கலியாணத் துணியாகத்தான் தோன்றியது.

ஓம், மகன் நஸ்ரிக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்திருக்கிறது. மூதூரில் அரிசிக் கடை வைத்திருக்கிற ஸைனுலாப்தீன் ஹாஜியாரின் மகள் றிஷானா. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். வீட்டார் சம்மதத்தோடு இரண்டு பேரும் போனிலும் கதைத்துவிட்டார்கள். "எனக்குப் புடிச்சிருக்கு உம்மா" என்றான். என் பிள்ளை தனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்று வாய் திறந்து சொல்லி எவ்வளவு காலம்! அன்று முழுக்க இந்த வீட்டுப் பாத்திரங்களை நான் பாட்டுப் படித்தபடி கழுவினேன்.

ஆனால் பஹ்மியா, இங்கே பக்கத்துத் தெருவில் வேலை செய்கிற மூதூர்ப் பிள்ளை, ஒரு கதையைக் காதில் போட்டாள். மூன்று வருடத்துக்கு முன் றிஷானாவை நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். என்ன வருத்தமென்று வீட்டார் மூச்சு விடவில்லையாம். மூளைப் பிழை என்று ஊரில் கதையாம்.

நோயாளர் பதிவுகள் எல்லாம் உன் அறையில்தான் இருக்கின்றன. மனநலக் கிளினிக் கோப்புகள் வைத்திருக்கும் மூன்றாம் அலுமாரியின் திறப்பு உன் இடுப்பில்தான் தொங்குகிறது என்று நீதானே பெருமையடித்தாய். ஒரு தரம் திறந்து பார். அவள் பெயர் இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். உன் மச்சான் மவுத்தாகி நான் தனித்த பிறகு, பதினெட்டு வயதுப் பிள்ளையை உன்னிடம் விட்டுவிட்டு வந்தவள் நான். இத்தனை வருடமாக ஊரார் பிள்ளைகளுக்குச் சோறூட்டுகிறேன். என் பிள்ளைக்கு ஒரு நல்ல வாழ்க்கையையாவது தேடிக் கொடுக்க வேண்டாமா? ஒரு நோயாளியை அவன் தலையில் கட்டிவிட்டு எப்படி நிம்மதியாக இருப்பேன்?

போனில் பதில் சொல்லாதே. நம் வீட்டில் போன் அடித்தால் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவே கேட்கும். கடிதத்தைத்தான் ஒருவரும் பிரிக்க மாட்டார்கள்.

உம்மாவுக்கு என் ஸலாம்.

உன் ராத்தா
சித்தி பரீதா


கிண்ணியா
2024 ஓகஸ்ட் 22

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கு எல்லாரும் சுகம். உம்மா சீனி போடாத தேத்தண்ணீரை நல்ல பிள்ளை மாதிரிக் குடிக்கிறார். பிறகு பார்த்தால் தலையணைக்குக் கீழே கருப்பட்டி! நஸ்ரி துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்தும் கராஜுக்கு நேரத்துக்குப் போகிறான், நேரத்துக்கு வருகிறான். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பவா?

இங்கே ஒரே வெயில். மத்தியானத்துக்குப் பிறகு என் அறையில் காற்று அப்படியே நின்றுவிடும். மேசைக்குப் பின்னால் ஒரு யன்னல் இருக்கிறது. அதில் எதிர்க் கட்டடத்தின் ஓடுகள், அதற்கு மேலே கொஞ்சம் துறைமுகம். கப்பல் வந்து நின்றால் கூரையில் ஏறி நிற்பதுபோலத் தெரியும். அது போகும்போது சத்தமே இருக்காது. ஒரு தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தால் ஓரிரண்டு ஓடு தள்ளிப் போயிருக்கும். கப்பல் போகிறதா, நான் இருக்கும் கதிரைதான் போகிறதா என்று சில வேளை எனக்குச் சந்தேகம் வரும்.

போன கிழமை ஒரு மான் வந்தது. ஆஸ்பத்திரி இருக்கும் இந்த நகரத்து மான்களை உங்களுக்குத் தெரியும்தானே, பஸ் நிலையம் வரை வந்து நிற்கும். இது யன்னலுக்குள் தலையைப் போட்டு, ஒரு கட்டுத் தாளை மோந்து பார்த்தது. எங்கள் பெரிய கிளார்க் பாக்கியரத்தினம் ஐயா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, அவரிட்ட அடையாள அட்டை இருக்கோ எண்டு கேளும். இல்லாட்டி ஒண்டையும் காட்டாதையும்" என்றார். மான் கோபித்துக்கொண்டு போய்விட்டது.

றிஷானாவின் படத்தை நஸ்ரி காட்டினான். கண்ணில் ஒரு குறும்பு இருக்கிறது. எனக்குப் பிடித்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

வஸ்ஸலாம்.

உங்கள் தங்கச்சி
ஜெஸீமா


தோஹா
2024 செப்டெம்பர் 8

ஜெஸீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம்தான், சுகத்துக்கு என்ன குறை!

மானுக்கு ஒரு பந்தி, கப்பலுக்கு ஒரு பந்தி. நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. சின்ன வயதிலும் நீ இப்படித்தான். வாப்பா "யார் சட்டியை உடைத்தது?" என்று கேட்டால், வானத்தைக் காட்டி "வாப்பா, பருந்து" என்பாய்.

எனக்குப் பருந்து வேண்டாம். ஹாஜியார் வீட்டில் நாள் வைக்கக் கேட்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது இருக்கிறதா, இல்லையா? கூடப் பிறந்தவள் கேட்கிறேன். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

முழங்காலுக்கு எண்ணெய் வேண்டாம். பதில் அனுப்பு.

ராத்தா


கிண்ணியா
2024 செப்டெம்பர் 27

என் ராத்தாவுக்கு,

ஸலாம். உம்மாவும் நஸ்ரியும் நலம். எனக்கு மூன்று நாள் காய்ச்சல், இப்போது விட்டுவிட்டது.

பருந்து பறந்துவிட்டது. நேராகவே எழுதுகிறேன். நான் பார்க்க மாட்டேன் ராத்தா. பார்க்கவும் இல்லை.

கோபிக்காமல் கேளுங்கள். நான் வேலைக்கு வருவதற்கு முன் அந்த மேசையில் ஒருவர் இருந்தாராம். நல்ல மனுசன். கலியாணம் பேசுகிறவர்கள் வந்து கேட்டால், கெட்டதைச் சொல்ல மாட்டார். ஒன்றும் இல்லாத பெண்களுக்கு மட்டும் "ஒண்டுமில்ல, சந்தோசமாச் செய்யுங்கோ" என்பாராம். உதவி என்றுதான் நினைத்தார். ஒரு மாரியில் கூரை ஒழுகித் தாள் கட்டுகள் நனைந்துபோயின. அந்த நேரம் ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டு வந்தார்கள். அவளுடைய கட்டைத் தேடி எடுக்க முடியாமல் "எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை, அப்படியென்றால் ஏதோ இருக்கிறது என்று பேச்சை முறித்துவிட்டார்கள். அந்தப் பெண் அங்கே படுத்தது காலில் முள் ஏறித்தான். பாக்கியரத்தினம் ஐயா இதை என் முதல் நாளிலேயே சொல்லிவிட்டுத்தான் திறப்பைத் தந்தார்.

நான் இன்றைக்கு ஒருத்திக்கு "ஒன்றுமில்லை" என்று சொன்னால், நாளைக்கு நான் வாய் மூடி நிற்கிற ஒவ்வொருத்தருக்கும் ஏதோ இருக்கிறது என்றாகிவிடும். அதனால் இருந்தாலும் சொல்வதில்லை, இல்லாவிட்டாலும் சொல்வதில்லை. கேட்பது ஊரானாக இருந்தாலும், உங்களாக இருந்தாலும் இதுதான் பதில். ஒருவருடைய வருத்தத்தை அவர்தான் சொல்ல வேண்டும். அல்லது அவர் கையெழுத்து வைத்து, சொல்லலாம் என்று எழுதித் தர வேண்டும்.

றிஷானாவைப் பற்றி அறிய வேண்டுமென்றால் றிஷானாவிடம் கேளுங்கள் ராத்தா. பிள்ளை போனில் நன்றாகக் கதைப்பாளாம்.

துஆவோடு,
ஜெஸீமா


தோஹா
2024 ஒக்டோபர் 13

தங்கச்சிக்கு,

ஸலாம். காய்ச்சலோடு தலைக்குக் குளிக்காதே.

உன் பதில் கிடைத்தது. இரண்டு முறை வாசித்தேன். விளங்கிவிட்டது. ஒன்றும் இல்லையென்றால் "ஒன்றுமில்லை ராத்தா" என்று எழுத உனக்கு இரண்டு சொல் போதும். ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் வேலைக்குப் பங்கம் வராமல் எனக்குச் சாடையாகச் சொல்லிவிட்டாய். அல்லாஹ் உனக்கு நற்கூலி தரட்டும்.

நேற்று ஹாஜியார் வீட்டுக்குப் போன் எடுத்து, இந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். விசாரித்துத்தான் சொல்கிறோம் என்றேன். நஸ்ரிக்கு நீ பக்குவமாக எடுத்துச் சொல்.

ராத்தா


கிண்ணியா
2024 நவம்பர் 3

ராத்தா,

ஸலாம். என்ன செய்துவிட்டீர்கள்!

நான் பார்க்கவில்லை என்றுதானே எழுதினேன்? அதில் எங்கே சாடை இருக்கிறது? கோபமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"விசாரிச்சுத்தான் சொல்றம்" என்று நீங்கள் சொன்ன ஒரு சொல் மூதூர் முழுக்கச் சுற்றிவிட்டது. மாப்பிள்ளையின் சாச்சி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அவள் எடுத்துப் பார்த்துச் சொல்லித்தான் நிறுத்தினார்களாம். அந்தப் பிள்ளையின் உம்மா வெளியே இறங்குவதில்லை. பாலர் பாடசாலையில் இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்களாம்.

போன செவ்வாய் றிஷானா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். படத்தில் கண்ட குறும்பு கண்ணில் இல்லை.

"நீங்கதான் நஸ்ரிட சாச்சியா?" என்று கேட்டாள்.

"ஓம் மகள்."

"என்ட ஆஸ்பத்திரித் துண்ட எடுத்துப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஊரெல்லாம் ஓம் எண்டுதான் சொல்லுது."

"ஊர் சொல்லும். நான் பாக்கயில்ல மகள். ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லவும் இல்ல."

அவள் என்னை நம்பவில்லை. நம்ப ஒரு காரணமும் இல்லையே! அடையாள அட்டையை மேசையில் வைத்து, "என்ட பதிவு எனக்கு வேணும். அதுக்கு என்ன எழுதணும்?" என்றாள். நான் கடிதம் எழுதும் முறையைக் காட்டினேன். எழுதினாள், கையெழுத்து வைத்தாள், டொக்டர் அனுமதி கொடுத்தார். எடுக்கும் நேரம் வந்தபோது நான் பாக்கியரத்தினம் ஐயாவைக் கூப்பிட்டு, நீங்களே எடுத்துப் பிரதி போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். அன்று துறைமுகத்தில் ஒரு கப்பலும் இல்லை. தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் கிடந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது என்பதைக்கூட நினைவில் வைக்காமல் இருக்க முயன்றேன்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, போகும்போது என்னைப் பார்த்தாள். "இத நான் ஒருத்தருக்கும் காட்ட மாட்டன் சாச்சி. வருத்தம் இருந்தா அது வெக்கமில்ல, இல்லாட்டி அது பெருமையுமில்ல. நான் ஏன் காட்டணும்?" என்றாள். சாச்சி என்று கூப்பிட்டாள், ராத்தா. நான் போய்க் கழிவறைக்குள் நின்று அழுதேன்.

அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. நீங்களும் கேட்காதீர்கள்.

ஜெஸீமா


கிண்ணியா
2024 டிசம்பர் 19

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். நீங்கள் சுகமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போனிலும் "சுகம், சுகம்" என்று வைத்துவிடுகிறீர்கள். என் வாய்க்கொழுப்பை மன்னியுங்கள்.

இங்கே விடாத மழை. வயல் எது, ரோட்டு எது என்று தெரியவில்லை. பஸ் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கிடக்கிறது, உங்கள் கனவில் ஓடிய துணிதான் நினைவுக்கு வருகிறது. பஸ்ஸில் எல்லாரும் தூங்கிவிடுகிறார்கள். நானும் தூங்கி, முழித்து, இன்னும் பாலத்தில்தான் இருக்கிறேனா என்று பார்ப்பேன்.

உம்மா உங்களைக் கேட்டபடி இருக்கிறார். நஸ்ரி வேலைக்குப் போவதில்லை. மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கியிருக்கிறான். அவனோடு கொஞ்சம் கதையுங்கள், ராத்தா. கலியாணத்தைப் பற்றி அல்ல. சும்மா கதையுங்கள்.

ஜெஸீமா


தோஹா
2025 ஜனவரி 16

தங்கச்சி ஜெஸீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு நான் நல்ல சுகம் என்று சொல். உனக்கு மட்டும் உள்ளதை எழுதுகிறேன்.

விசா புதுப்பிக்க மருத்துவம் பார்த்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். முடிவு என் கைக்கு வருவதில்லை, இந்த வீட்டு மெடத்தின் போனுக்குத்தான் வரும். ஒரு மத்தியானம் நான் சோற்றுத் தட்டோடு உள்ளே போகிறேன். மெடம் போனைப் பார்த்துச் சத்தமாக வாசிக்கிறார், அவருடைய சகோதரிமார் சுற்றி இருந்து கேட்கிறார்கள். என்னைக் கண்டதும் எல்லாரும் தட்டத்தைத் தொடாமல் இருந்தார்கள். அன்று பின்னேரமே எனக்கு வேறு தட்டு, வேறு கோப்பை. நான் வளர்த்த சின்னவன் என்னிடம் ஓடி வந்தான். அவனைக் கையைப் பிடித்து இழுத்து அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். எனக்கு என்னவென்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால் கையைக் காட்டித் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

இரவில் படுத்து என் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது? அதை என்னைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

இரண்டாம் பரிசோதனைக்குக் கூட்டிப் போனது டிரைவர் அப்ராஸ், நம் ஊர்ப் பிள்ளைதான். மெடம் அந்தத் தாளை அவனுக்கும் அனுப்பியிருந்தார். அவனுக்கு அரபி வாசிக்கத் தெரியும். வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டு, "ராத்தா, இது உங்கட விஷயம். நான் வாசிக்கவா, வேணாமா?" என்று கேட்டான். என்னிடம் கேட்டது அவன் ஒருவன்தான். அழுதுவிட்டேன்.

எப்போதோ வந்து ஆறிப்போன சளித் தழும்பாம். தொற்றாதாம். இப்போது எல்லாம் சரி என்று வந்துவிட்டது. ஆனால் தட்டு இன்னும் வேறுதான்.

ஜெஸீமா, அந்தப் பிள்ளை றிஷானா, தன் தாளை யாருக்காவது காட்டினாளா? காட்டியிருக்க மாட்டாள்.

மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறான் என்று எழுதியிருந்தாய். மறுபடியும் என்றால் என்ன? முன்பும் படுத்தானா?

ராத்தா


கிண்ணியா
2025 பெப்ரவரி 5

என் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்புக்கு எப்படி? சாச்சி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் உங்கள் கடிதம் வந்த நாளில் இருந்து தொழுதுவிட்டு நெடுநேரம் இருக்கிறார். நீங்கள் கேட்ட ஒரு கேள்வியை மட்டும் என்னிடம் தந்து, "இதுக்குப் பதில் என்னட்ட இல்ல மகன், உன்னட்டத்தான் இருக்கு. விருப்பமெண்டா எழுது, இல்லாட்டி விடு" என்றார்.

எழுதுகிறேன் உம்மா. இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு விடிவதே பயமாக இருந்தது. காரணம் ஒன்றும் இல்லை. கராஜுக்கு என்று புறப்பட்டு இறங்குதுறையில் போய் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தபடி இருப்பேன். ஒரு நாள் அந்தத் தண்ணீர் என்னைக் கூப்பிடுவதுபோல இருந்தது. பயந்து எழும்பி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனநலக் கிளினிக்குக்கு அன்றிலிருந்து மாதாமாதம் போகிறேன். குளிசை எடுக்கிறேன். அதனால்தான் எழும்பி நடமாடினேன், சிரித்தேன், கலியாணம் வேண்டும் என்றேன். இந்த மாரியில் கொஞ்சம் சறுக்கிவிட்டேன். இப்போது மறுபடி வேலைக்குப் போகிறேன், பயப்படாதீர்கள்.

உங்களுக்குச் சொல்லாததற்குக் காரணம், நீங்கள் விட்டுப் போனதால்தான் இப்படி ஆனது என்று உங்களையே நோவீர்கள். அது அப்படி இல்லை உம்மா.

முதல் தடவை போன அன்று, கிளினிக் வரிசையில் இருந்தேன். சாச்சி கை நிறையக் கோப்புகளோடு வந்தார். என்னைக் கண்டார். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. கிட்ட வந்து, "நான் உன்னக் காணயில்ல மகன். நீ என்னக் கண்டா ஸலாம் சொல்லு, போதும்" என்றுவிட்டுப் போனார். வீட்டிலும் அப்படித்தான். இரவில் நான் குளிசை போடும் நேரம் தண்ணீர்க் கோப்பை மேசையில் இருக்கும். வைத்தது யார் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

றிஷானாவுக்குத் தெரியும். முதல் தரம் போனில் கதைத்தபோதே சொன்னேன். "குளிசை விடியவா, ராவைக்கா?" என்று கேட்டாள். இரவில் என்றேன். "அப்ப ராச்சோறு நேரத்துக்குத் தரணும்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

உம்மா, நீங்கள் அவளிடம் தேடியது என்னிடம்தான் இருக்கிறது.

உங்கள் மகன்
நஸ்ரி


தோஹா
2025 பெப்ரவரி 23

ஜெஸீமா,

ஸலாம்.

இரண்டு வருடம். ஒரே வீட்டில், ஒரே பானைச் சோறு தின்றுகொண்டு, என் பிள்ளை தண்ணீரைப் பார்த்தபடி இருந்ததை எனக்கு எழுதவில்லை. மானைப் பற்றி எழுதினாய்!

மகனுக்குப் போன் எடுத்துக் கதைத்தேன். இரண்டு பேரும் அழுதோம். உன்னோடு கதைக்க இப்போது எனக்கு ஏலாது.

பரீதா


கிண்ணியா
2025 மார்ச் 10

என் ராத்தாவுக்கு,

நோன்பு காலத்து ஸலாம். ஸஹருக்கு எழும்பி வெறும் தேத்தண்ணீரோடு நோன்பு பிடிக்காதீர்கள். நஸ்ரி வேலைக்குப் போகிறான், தராவீஹ் தொழப் போகிறான்.

நீங்கள் சொல்வது எல்லாம் சரி. உங்களுக்கு எழுத உட்காரும்போதெல்லாம் அது பேனை முனையில் வந்து நிற்கும். அதனால்தான் கப்பலையும் மானையும் எழுதினேன். வேறு எதை எழுதுவேன்? "மகன் சுகம்" என்று எழுதும்போது அது பொய்யாகிவிடுமோ என்று பயந்து, "நேரத்துக்குப் போகிறான், நேரத்துக்கு வருகிறான்" என்று எழுதுவேன்.

அவன் மோசமாக இருந்த நாளில் நான் பின்னாலேயே போயிருக்கிறேன். பஸ்ஸில் நாலு ஆசனம் தள்ளி இருந்திருக்கிறேன். அவன் உயிருக்கு ஒன்று என்றால் ஊரைக் கூட்டியிருப்பேன், உங்களையும் அழைத்திருப்பேன். ஆனால் அவன் தானாக மருந்தைத் தேடிப் போன பிள்ளை. நான் உங்களுக்குச் சொல்லியிருந்தால், கிளினிக்கின் வாசல் அவனுக்கு அன்றோடு மூடியிருக்கும். சாச்சி இருக்கிற இடம் என்று பிறகு அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டான். நீங்கள் என்னோடு கதைக்காமல் இருப்பதை என்னால் தாங்க ஏலாது ராத்தா. அவன் அந்த வரிசைக்கு வராமல் போயிருந்தால் அதைவிடத் தாங்க ஏலாது.

பெருநாளைக்காவது போன் எடுங்கள். ஸ்பீக்கரில் போட்டாலும் பரவாயில்லை.

ஜெஸீமா


தோஹா
2025 ஏப்ரல் 6

என் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் எப்படிப் போனது? உம்மா சீனி வருத்தத்தோடு வட்டிலப்பத்தை எவ்வளவு சாப்பிட்டார் என்று மறைக்காமல் எழுது. நான் சுகம். இந்த மாதத்தோடு இங்கே வேலையை முடித்துக்கொண்டு வருகிறேன்.

பெருநாளன்று முதலில் எடுத்த போன் உனக்கு இல்லை. மூதூருக்கு. ஹாஜியார் வீட்டுக்கு எடுத்து மாப்புக் கேட்டேன். றிஷானாவின் உம்மாதான் போனில் இருந்தார். பிறகு அந்தப் பிள்ளையே போனை வாங்கினாள்.

"மாமி, என்ன கேக்கணுமோ அத என்னட்டக் கேளுங்க. ஆஸ்பத்திரியில என்னத்துக்கு இருந்த எண்டும் கேளுங்க. சொல்றன்" என்றாள்.

ஜெஸீமா, அவள் சொல்லத் தயாராக நின்றாள். இத்தனை மாதம் நான் அலைந்த கேள்வி. "நோன்பெல்லாம் பிடிச்சீங்களா மகள்?" என்றுதான் கேட்டேன். அவள் கொஞ்சம் சிரித்தாள் போல இருந்தது. நஸ்ரியோடு கதைத்துவிட்டுத் தன் முடிவைச் சொல்வதாகச் சொன்னாள். அது அவள் விருப்பம். நான் எதையும் கேட்கும் இடத்தில் இல்லை.

கடைசியாக ஹாஜியார் வந்தார். மாப்பிள்ளையைப் பற்றி நீங்கள் ஒன்றும் விசாரிக்கவில்லையா, என்ன நம்பிக்கையில் நாள் வைக்கக் கேட்டீர்கள் என்று நான் அவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ எனக்கு ஒருநாளும் சொல்லாத விஷயம் இது.

"விசாரிக்காம என்ன? ஓகஸ்ட் மாசம் உங்கட தங்கச்சிட மேசைக்கே போனனான். மாப்பிள்ளயப் பத்தி ஒரு சொல்லுச் சொல்லுங்க, நல்ல புள்ளயா, வருத்தம் துன்பம் இருக்கா எண்டு கேட்டன். இருந்தாலும் சொல்றதில்ல, இல்லாட்டியும் சொல்றதில்ல வாப்பா எண்டுட்டா. எவ்வளவோ கெஞ்சினன், வாய் திறக்கயில்ல. வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கக்குள்ள யோசிச்சன். சொந்த ராத்தாட மகன்ட கதைய எனக்குச் சொல்லாத புள்ள, என்ட மகள்ட கதையயும் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டா. இந்தக் குடும்பத்துக்க என்ட மகள நம்பிக் குடுக்கலாம். அதான் நாள் வைக்கக் கேட்டனான்."

நீ இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்டு அந்த மனுசன் என் பிள்ளைக்குத் தன் மகளைத் தர வந்தார். அதையே கேட்டு நான் அவருடைய மகளைத் தெருவில் விட்டேன்.

உன் ராத்தா
சித்தி பரீதா